ஜாங்கிரிக்கு ஏழு மணி ஊசி

அந்தப் பூனைக்கு ஜாங்கிரி என்று பெயர் வைத்தபோது அதற்குச் சர்க்கரை வியாதி வரும் என்று யார் கண்டார்கள்? ஆரஞ்சு நிறம், உடம்பெல்லாம் வளையம் வளையமாகக் கோடு. விஜயலக்ஷ்மி மாமி பார்த்த மாத்திரத்தில் வாயில் வந்த பெயர் அது. எட்டு வருஷம் கழித்து, போன அக்டோபரில், அது குளியலறை வாளித் தண்ணீரையெல்லாம் நக்கிக் குடிக்க ஆரம்பித்தது. தின்னத் தின்ன இளைத்தது. டாக்டர் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஷுகர் என்றார். விஷயத்தைக் கேட்டவர்கள் எல்லோரும் முதலில் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்காத ஒரே ஆள் அவர்களை ஆட்டோவில் கூட்டிப் போயிருந்த ஜவஹர். அவன் மனைவி புஷ்பத்துக்கு ஆறு வருஷமாக இன்சுலின்.

ஜவஹருக்கும் மாமியின் கணவர் அனந்தராமனுக்கும் ஒன்பது பனிக்காலப் பழக்கம். அனந்தராமன் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மந்தைவெளியில் மூன்றாம் மாடியில் வீடு. ஒரு நவம்பர் விடியலில் பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கப் போக ஆட்டோ பிடித்தார். வந்த ஆட்டோ சைதாப்பேட்டை ஜவஹருடையது. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இந்த மனுஷன் அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறார் என்று பக்கத்தில் வந்து நின்றவன், கொஞ்ச நேரத்தில் கையை நீட்டினான்.

"அதோ, கோரைக்கு அந்தாண்ட வெள்ளையா நாலு நிக்கிதே, மூக்கு கரண்டியாட்டம். அது இன்னா சார்?"

அனந்தராமன் பைனாகுலரை வைத்து வெகுநேரம் தேடினார். கரண்டிவாயன்கள்தான். நான்கேதான்.

"இங்கேர்ந்து வெறுங்கண்ணால உனக்கு மூக்கு தெரியறதா?" என்றார்.

அதன்பின் நவம்பர் முதல் மார்ச் வரை ஞாயிற்றுக்கிழமை என்றால் ஐந்து மணிக்கு ஜவஹரின் ஆட்டோ மந்தைவெளியில் நிற்கும். பள்ளிக்கரணை, கேளம்பாக்கம், அடையாற்று முகத்துவாரம். பூநாரை, ஊசிவால் வாத்து, ஆலா. புத்தகத்தில் இருந்த ஆங்கிலப் பெயர்கள் நாக்கில் நிற்காததால் அவனே பெயர் வைத்துக்கொண்டான். கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிய கீச்சானுக்குக் கொள்ளைக்காரன் என்று பெயர். சைதாப்பேட்டை கோர்ட்டு மரத்திலிருந்து கொள்ளைக்காரன் கத்தும் குரல் கேட்டால் அவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அண்ணாந்து பார்ப்பான். பின்னால் உட்கார்ந்திருக்கும் சவாரி திட்டும். அனந்தராமன் தன் பழைய பைனாகுலரைக் கொடுத்தார். அதில் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்திருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் போதும் என்று ஜவஹர் வாங்கிக்கொண்டான்.

"குருவி பாக்கப் போற ஆட்டோக்காரன் மெட்ராஸ்லயே நீ ஒருத்தன்தான்யா," என்பாள் புஷ்பம்.

அவனுக்கு அதில் பெருமைதான். ஒரே பிளாஸ்க்கில் காப்பி குடிப்பார்கள். யாராவது எதிர்ப்பட்டால் அனந்தராமன் அவன் தோளில் கை வைத்து, "இவன்தான் என் கண்ணு," என்பார். அந்தச் சொல்லுக்காக அவன் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கல்யாணச் சவாரிகளை விட்டிருக்கிறான்.

பூனைக்கு ஊசி போடுவது எப்படி என்று டாக்டர் காட்டிக்கொடுத்த அன்று, அனந்தராமனின் கை நடுங்கியது. மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "குடுங்க சார்," என்று ஜவஹர்தான் வாங்கினான். பிடரித் தோலை இரண்டு விரலால் கூடாரம் மாதிரி தூக்கி, இரண்டே இரண்டு யூனிட், ஜாங்கிரி திரும்பிப் பார்ப்பதற்குள் போட்டு முடித்துவிட்டான். வீட்டில் தினம் போடுகிற கை.

அடுத்த மாதம் மாமி, மகளின் பிரசவத்துக்காக சிட்னிக்குப் போனாள். போகும்போது அழுதாள். "நீங்க இருக்கேள்ங்கற தைரியத்துலதான் ஜவஹர் கிளம்பறேன். இவருக்குக் கை நடுங்கறது. என் ஜாங்கிரிக் கொழந்தையப் பாத்துக்கோங்கோ."

ஊசி பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. காலை ஏழு, மாலை ஏழு. ஜவஹர் தன் சவாரிகளை அந்த இரண்டு ஏழு மணிக்கு நடுவில் அடக்கிக்கொண்டான். வீட்டுச் சாவி ஒன்று அவனிடம் இருந்தது. முதலில் சாப்பாடு, அது தின்று முடித்ததும் ஊசி. தீர்ந்த ஊசியை ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் போட்டு வைப்பான், புஷ்பத்துக்கும் அப்படித்தான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அனந்தராமனும் அவனைப் பார்த்துப் பார்த்துப் பழகி, ஒருநாள் தப்பி ஒருநாள் தானே போட ஆரம்பித்தார். ஆனாலும் ஜவஹர் வராமல் இருந்ததில்லை. கீழே ஆட்டோ சத்தம் கேட்டால் ஜாங்கிரி கதவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிடும். ஊசி போடப் போகிறவன் என்று தெரிந்தும் அவன் காலில் முகத்தைத் தேய்க்கும். ஒருநாள்கூட ஒரு பூனையை மடியில் வைத்தவனல்ல ஜவஹர். வீட்டுப் பக்கம் வரும் பூனையை மீன் சட்டிக்காகத் துரத்தித்தான் பழக்கம். இதன் எலும்பு கையில் தட்டுப்படும்போது அவனுக்கு என்னவோ செய்தது.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கெட்டுப்போயின. ஏழு மணி ஊசியைப் போட்டுவிட்டுக் கிளம்பினால் பள்ளிக்கரணை சேர எட்டு. வெயில் ஏறிவிடும், பறவைகள் உள்ளே ஒதுங்கிவிடும். அனந்தராமன் எரிச்சலானார். இரண்டு வருஷமாக அவர் ஒரு பறவை சங்கத்தில் சேர்ந்திருந்தார். அதில் செம்பியன் என்று ஒருவன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெரிய கார், கை நீளத்துக்கு லென்ஸ். டிசம்பரில் ஒரு ஞாயிறு, "இன்னிக்கு ஒருதரம் மட்டும் செம்பியன் கார்ல போயிட்டு வந்துடறேன் ஜவஹர், நீ ஜாங்கிரியப் பாத்துக்கோ," என்றார். அடுத்த ஞாயிறும் அதே ஒருதரம். அதற்கடுத்த ஞாயிறு அவர் சொல்லவேயில்லை. அவன் வந்தபோது வீடு பூட்டியிருந்தது.

ஜவஹர் தன் சாவியால் திறந்தான். ஊசி போட்டுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து பறவைப் புத்தகத்தைப் புரட்டினான்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமை, மீன்காரம்மா ஒருத்தியைப் பட்டினப்பாக்கத்தில் இறக்கிவிட்டு, நேரம் இருந்ததால் உடைந்த பாலம் வரை நடந்து போனான். ஆறு கடலில் விழுகிற இடத்தில் மணல்திட்டு. அங்கே உப்புக்கொத்திகளுக்கு நடுவில் ஒன்று தனியாக நின்றது. காக்கை அளவு, மேலே கறுப்பு, அடியில் வெள்ளை. மூக்கு நீளமாக, கேரட்டைச் சீவிச் செருகின மாதிரி சிவப்பு. அது மணலில் மூக்கை நுழைத்து ஒரு மட்டியை எடுத்து, நெம்பித் திறந்து, உள்ளிருந்ததை உறிஞ்சியது. ஜவஹர் அப்படியே மணலில் குந்தினான். ஒன்பது வருஷத்தில் நேரில் பார்த்ததில்லை. ஆனால் புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்று தெரியும்.

அங்கிருந்தே போன் போட்டான். "சார், செவப்பு மூக்கு சார். மட்டியத் தொறந்து துன்னுகினு கீது. பொஸ்தகத்துல கடல் பறவைங்க மொத பக்கம்."

"ஆய்ஸ்டர் கேட்சரா? இங்கயா? நன்னா பாத்தியா?"

"கண்ணு முன்னாடி நிக்கிது சார். ஓடியாங்க."

அன்று அனந்தராமனுக்குப் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் விடிகாலையில் ஜவஹர் போய் அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். சனிக்கிழமை சாயங்கால ஊசி போடும்போது அவனாகவே சொன்னான்: "நாளைக்கு நாலரைக்கு வந்துடறேன் சார். ஊசிய அஞ்சுக்கே போட்டுடலாம். சாயங்காலமும் அஞ்சுன்னு மாத்திக்கலாம், டாக்டரம்மாவக் கேட்டேன், அப்டி மாத்தலாம்னாங்கோ. அப்புறம் நேரா கெளம்பிடலாம்."

அனந்தராமன் பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இல்லப்பா. செம்பியன் கார்ல போறோம். அஞ்சு பேர் ஆயிடுத்து, எடமில்லை."

"நான் ஆட்டோல பின்னாடியே வரேன் சார்."

"ஜாங்கிரிய யார் பாத்துக்கறது? போன வாரம் வாந்தி எடுத்ததோன்னோ? நீ இங்க இரு. எடத்தை மட்டும் சரியா சொல்லு. மணல்ல எந்தப் பக்கம்?"

ஜவஹர் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் பாலத்தையும் மணல்திட்டையும் வரைந்து, ஒரு இடத்தில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தான். பிறகு நிறைந்திருந்த ஊசி பாட்டிலை மூடிக் குப்பைக்கு எடுத்துக்கொண்டு, புதுப் பாட்டில் ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டு, வரேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனான். படியில் கால் வைக்கும்போது அனந்தராமன் கூப்பிட்டார். "நாளைக்குக் கார்த்தால வந்துடுவேல்லியோ?" அவன் திரும்பவில்லை.

வீட்டில் புஷ்பம் கேட்டாள். சொன்னான்.

"நீ பாத்த குருவிய அவுங்க பாக்கப் போறாங்கோ. நீ அவுங்க பூனைய பாத்துகினு இருக்கணும். நல்லாகீதுய்யா நாயம்."

"பூனை இன்னா பண்ணும் புஷ்பம்."

"நாளைக்குப் போவாத."

"ஊசிய யார் போடுவா?" என்றான்.

ஞாயிறு ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கதவைத் திறந்தான். வீட்டில் யாருமில்லை. ஜாங்கிரி வழக்கம்போல் வந்து தேய்த்தது. தட்டில் கொஞ்சம் சாப்பாடு ஏற்கெனவே இருந்தது. நேற்றைய மிச்சம் என்று நினைத்துக் கழுவிவிட்டுப் புதிதாக வைத்தான். நான்கு வாய் தின்றுவிட்டு நகர்ந்துவிட்டது. இது அவனுக்கு உறுத்தத்தான் செய்தது. முழுதும் தின்னாமல் போடக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் மனசெல்லாம் முகத்துவாரத்தில் இருந்தது. இந்நேரம் கார் போய்ச் சேர்ந்திருக்கும், அவர் கண்ணுக்கு அது முதலில் படுமா, இல்லை செம்பியன் கண்ணுக்கா என்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு யூனிட் போட்டான். ஊசியைப் பாட்டிலில் பார்க்காமலே போட்டான்.

ஒன்பதே முக்காலுக்கு ஜாங்கிரி சோபாவில் ஏறப் பார்த்து விழுந்தது. மறுபடி எழுந்தது. பின்னங்கால்கள் ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொண்டன. சுவரைப் பார்த்தபடி நின்றது. வாயோரத்தில் எச்சில் ஒழுகியது. ஜவஹர் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்தான். புஷ்பம் ஒருதரம் ரேஷன் கடை வரிசையில் இப்படித்தான் நின்று விழுந்தாள்.

காதில் குத்தி மெஷினில் பார்த்தான். நாற்பத்தொன்று. எண்பதுக்குக் கீழே போகக் கூடாது.

சமையலறையில் சர்க்கரையைத் தேடி எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, விரலில் தொட்டு அதன் ஈறில் தடவினான். மூன்றாவது தடவலில் ஜாங்கிரியின் உடம்பு வில்லாக வளைந்து வெட்டி இழுத்தது. தாடை இறுகியது, பல் அவன் ஆள்காட்டி விரலில் இறங்கியது. அவன் விரலை இழுக்கவில்லை. இழுப்பு நிற்கும்வரை அப்படியே பிடித்திருந்தான்.

அனந்தராமனுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜாங்கிரியைத் துண்டில் சுற்றி, காக்கிச் சட்டைப் பொத்தானைக் கழற்றி உள்ளே வைத்து, படியிறங்கினான். அடையாறில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கால்நடை கிளினிக் ஒன்று உண்டு. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் ஓட்டினான். அடையாறு பாலத்தின் மேல் வந்தபோது இடதுபக்கம் ஆறு அகலமாக விரிந்து கடல் வரை மின்னியது. தூரத்தில், மணல் ஓரத்தில், எறும்பு மாதிரி ஐந்து உருவம் வரிசையாக நின்றன. அசையாமல், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவனுக்குத் தெரிந்தது. பாலத்தின் மேலேயே இன்னொருமுறை போன் போட்டான். அந்த ஐந்தில் எதுவும் கையைப் பைக்குள் விடவில்லை.

கிளினிக்கில் டாக்டர் சிந்து முன்னங்காலில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினாள்.

"எத்தனை யூனிட் போட்டீங்க?"

"ரெண்டு மேடம். எப்பவும் போல."

"ரெண்டுக்கு இவ்வளவு இறங்காதே. வேற யாராவது போட்டாங்களா?"

"யாரும் இல்லியே மேடம்," என்று சொல்லும்போதே அவனுக்குக் கழுவிய தட்டு ஞாபகம் வந்தது.

பகல் பன்னிரண்டே முக்காலுக்கு அவன் போன் அடித்தது. அதற்குள் அவன் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தான்.

"ஜவஹர்! பாத்துட்டோம்! அடேயப்பா, அப்படியே ஒரு மணி நேரம் காட்சி குடுத்துது! செம்பியன் எடுத்திருக்கான் பாரு படம், மட்டியத் தூக்கிண்டு..."

"சார், ஜாங்கிரி ஆஸ்பத்திரில கீது சார்."

மூன்று மணிக்கு ஜாங்கிரியை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். தலையைத் தூக்கியது, ஆனால் வலது பக்கம் சாய்த்தே வைத்திருந்தது. எதிரில் விரலை ஆட்டினால் கண் சிமிட்டவில்லை. பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். மாமி சிட்னியிலிருந்து வீடியோவில் வந்தாள். பூனையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன்னா, எப்படி ஆச்சு? டபுள் டோஸுங்கறாளே டாக்டர்!"

அனந்தராமன் போனைக் கையில் பிடித்தபடி ஜவஹரைப் பார்த்தார். "ஜவஹர், நிஜத்தைச் சொல்லு. ரெண்டுதரம் போட்டுட்டியா? நேத்து வேற கோபமா போனே. ஏதோ நெனப்புல..."

"ஒருதரம்தான் சார் போட்டேன். நீங்க காத்தால கெளம்பறப்போ போட்டீங்களா சார்? தட்டுல சோறு இருந்துச்சு."

"நானா? நான் நாலரைக்கே கிளம்பிட்டேனே."

ஜவஹருக்கு அப்போதுதான் பாட்டில் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அலமாரியிலிருந்து எடுத்து வந்தான். "நேத்து சாயங்காலம் புது பாட்டில் வெச்சேன் சார். காலி பாட்டில். நான் போட்டது ஒண்ணு. இதுல பாருங்க." ஆட்டினான். உள்ளே இரண்டு ஊசிகள் ஒன்றோடொன்று மோதின.

அனந்தராமன் பாட்டிலைப் பார்த்தார். கை தானாக மூக்குக் கண்ணாடிக்குப் போனது. அந்த ஒரு நொடியில் ஜவஹர் பார்த்துவிட்டான். ஆற்றுக்கு அக்கரையில் நிற்கும் பறவையின் மூக்கைப் பார்க்கிற கண். முக்கால் கஜ தூரத்தில் நிற்கும் மனுஷன் முகத்தில் ஒரு விஷயம் ஞாபகம் வந்து போவது அதற்குத் தப்புமா? கோபித்துக்கொண்டு போனவன் வரமாட்டான் என்று நினைத்திருக்கிறார். தானே போட்டிருக்கிறார். காரில் ஏறியதும் பேச்சு சுவாரசியத்தில் சொல்ல மறந்திருக்கிறார்.

"ஆமா, ரெண்டு இருக்கு," என்றார் அனந்தராமன். போனைச் சற்றுத் திருப்பி மாமியைப் பார்த்தே பேசினார். "பாத்தியா விஜயா, ரெண்டு ஊசி. ரெண்டுதரம் போட்டிருக்கான். பாவம், வேணும்னு பண்ணலை. மறதி."

"ஜவஹர்," என்றாள் மாமி. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அழுதாள்.

அவன் வாயைத் திறந்தான். அறுபத்தேழு வயசு மனுஷன் பெண்டாட்டி முன்னால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒன்பது வருஷம் அந்தக் கை நீட்டிய காப்பியைக் குடித்திருக்கிறான். இப்போது திருத்திச் சொல்லுவார், இதோ சொல்லுவார் என்று கொஞ்ச நேரம் நின்றான். அவர் சொல்லவில்லை. ஜவஹர் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தான். கழுத்திலிருந்த பைனாகுலரையும் கழற்றி வைத்தான். சோபாவில் கிடந்த ஜாங்கிரி அவன் வாசனைக்கு மூக்கைத் தூக்கி, தவறான பக்கம் தலையைத் திருப்பியது.

புஷ்பம் அவன் விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் வைத்துக் கட்டப் போனாள். "வேணாம், ஆஸ்பத்திரில தடுப்பூசி போட்டாச்சு," என்றான். பிறகு மொத்தத்தையும் சொன்னான்.

"போய் கத்தியிருக்கணும்யா நீ. அக்கம்பக்கம் கேக்கற மாரி."

"நான் சொன்னா யார் நம்புவா?"

"நானே நம்புறேன், மாமி நம்ப மாட்டாளா?"

வாரத்துக்கு இரண்டு தடவை போனில் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மாமி அதன்பின் ஒருதடவையும் கூப்பிடவில்லை. அந்த வாரமே ஆங்கிலப் பத்திரிகையின் நகரப் பக்கத்தில் சிவப்பு மூக்குப் படம் வந்தது. டீக்கடையில் ஒரு வக்கீல் குமாஸ்தா அவனுக்குப் படித்துச் சொன்னார். சென்னைப் பக்கம் அபூர்வமாக வரும் விருந்தாளியாம். முதலில் கண்டுபிடித்தவர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி அனந்தராமனாம். பல நாள் பொறுமையாகக் காத்திருந்து கண்டாராம். ஜவஹர் டீயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தான்.

ஆனாலும் அவன் முகத்துவாரத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. பறவை இடம் மாறியிருந்தது. மணல்திட்டை விட்டு, வடபக்கம் பாறை குவித்திருக்கும் இடத்துக்குப் போயிருந்தது. கூட்டம் வந்து தேடிவிட்டுத் திரும்பியதை அவன் ஒருநாள் தூர நின்று பார்த்தான். கிட்டப் போகவில்லை. அவர்கள் போனபின் பாறை நிழலில் அதைக் கண்டுபிடித்து, அரை மணி நேரம் நின்றான். அந்த அரை மணியில் மட்டும் மனசு லேசாக இருந்தது.

பிப்ரவரி இரண்டாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. ஆறரை மணி. பறவை பாறை மேல் ஒற்றைக் காலில் நின்று இறகைக் கோதிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. அனந்தராமன்.

"ஜவஹர், சௌக்கியமா? உன் ஒத்தாசை வேணும்ப்பா. பெங்களூர்லேர்ந்து ரெண்டு பேர் வந்திருக்கா, அந்த ஆய்ஸ்டர் கேட்சரைப் பாக்கணும்னு. ரெண்டு நாளா தேடறோம், கெடைக்கலை. உன் கண்ணு வேணும்."

குரலில் பழைய சுவாதீனம் அப்படியே இருந்தது. ஒன்றும் நடக்காத மாதிரி. அந்தக் குரலைக் கேட்டதும் ஜவஹருக்கு, தான் வெட்கப்படும்படி, சந்தோஷமாக இருந்தது. 'இங்கதான் சார் கீது, வாங்க' என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அதற்கு முன்னால் கேட்டான்:

"ஜாங்கிரி எப்டி கீது சார்?"

"அதுவா... போயிடுத்துப்பா. பத்து நாளாச்சு. கோடியக்கரைக்கு நாலு நாள் கிளம்பினோம், காசு வாங்கிண்டு பூனையப் பாத்துக்கற ஒரு எடத்துல விட்டுட்டுப் போனேன். கண்ணும் தெரியலை, சாப்பிடவும் இல்லை போலிருக்கு. மாமிகிட்ட ஹார்ட்டுன்னு சொல்லியிருக்கேன். நம்மாத்துலயே போச்சுன்னு. நீ ஏதாவது பேசற மாதிரி ஆச்சுன்னா வேற மாதிரி சொல்லிடாதே, என்ன? சரி, அது கெடக்கட்டும். அந்தப் பறவையப் பாத்தியா நீ?"

ஜவஹர் பாறையைப் பார்த்தான். அது இன்னொரு காலையும் கீழே வைத்து, சிவப்பு மூக்கைத் தண்ணீரில் நனைத்து ஆட்டியது. துளிகள் தெறித்தன.

"இல்ல சார்," என்றான். "அது போய் ஒரு வாரமாவுது. தெக்காலப் பறந்துச்சு, நானே பாத்தேன்."

"அடடா. நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

போனை வைத்துவிட்டு மறுபடி பறவையைப் பார்த்தான். பறவை விஷயத்தில் அவன் பொய் சொன்னது அதுதான் முதல்முறை. பார்க்காததைப் பார்த்தேன் என்றதில்லை, பார்த்ததை இல்லை என்றதுமில்லை. ஒன்பது வருஷத்தில் அவனுக்கென்று சேர்ந்தது அந்த நாணயம் ஒன்றுதான். நின்றுகொண்டே இருந்தான். பறவை மட்டியைத் திறந்தது, தின்றது, நடந்தது. ஒன்றும் மனசில் ஏறவில்லை. திருடிய சாமானை வைத்துக்கொண்டு நிற்பவன் மாதிரி யாராவது வருகிறார்களா என்றே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டான்.

அந்த ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவும்போது போனில் ஒரு குரல் செய்தி வந்திருந்தது. ஈரக் கையோடு அதை அழுத்தினான். அனந்தராமனின் குரல் அறை முழுக்கக் கேட்டது. உற்சாகமாக, பிரியமாக.

"ஜவஹர், பாத்துட்டோம்! செம்பியன் கண்டுபிடிச்சுட்டான். வடக்கால பாறை மேலேயே நின்னுண்டிருந்தது. மீன்காராளைக் கேட்டா மூணு வாரமா அங்கதான் நிக்கறதுங்கறா, தினமும் ஒரு ஆட்டோக்காரர்கூட வந்து பாக்கறார்ங்கறா. நீ பாத்துண்டே இருந்திருக்கே, உன் கண்ணுக்கு அது தெரியலை போலிருக்கு. தப்பா எடுத்துக்காதே, உனக்கும் வயசாறதோன்னோ. பெண்டாட்டிக்கு வேற ஷுகர், உனக்கும் இருக்கான்னு ஒருதரம் டெஸ்ட் பண்ணிக்கோ, மொதல்ல கண்ணைத்தான் அடிக்கும். எங்க சங்கத்துல ஒரு கண் டாக்டர் இருக்கார், நான் சொல்லி விடறேன்."

புஷ்பம் சாப்பாட்டுத் தட்டோடு நின்றாள். "உன் கண்ணுக்கு இன்னாய்யா ஆச்சு?"

ஜவஹர் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும். பொய் சொன்னதைச் சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். அவன் போனை எடுத்து, "சரி சார்" என்று இரண்டு வார்த்தை அடித்து அனுப்பினான். அனுப்பியதும், படித்துவிட்டார் என்று இரண்டு நீல டிக் விழுந்தது. அங்கிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

"ஒண்ணும் ஆவல," என்று புஷ்பத்திடம் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினான். வடபழனிக்கு ஒரு கல்யாணச் சவாரி இருந்தது. சாயங்காலம் வரை ஓட்டிவிட்டு, ராத்திரி வீடு திரும்பி, புஷ்பத்துக்கு ஊசி போட்டுவிட்டுப் படுத்தான். மறுநாள் விடிகாலையில் விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தான், போவதற்கு இடமில்லை என்று ஞாபகம் வந்ததும் மறுபடி படுத்துக்கொண்டான்.